நூற்றுப் பதினேழாம் டோக்கன்

"என்னை எல்லாரும் தம்பின்னுதான் கூப்பிடுறாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க. வயசு இருபத்திநாலு. இப்போ மூணாவது மாடியில, ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். விரல் எரியுது, டைப் அடிக்க முடியல, அதனால போன்ல பேசியே அனுப்புறேன். போன் ஏதாவது தப்பாப் போட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. கட்டில்ல இருக்கிறது எங்க அண்ணன், வாதம் வந்து பேச்சுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கிற லாண்டரியில நாலாம் நம்பர் மிஷின் ஆபரேட்டர். மூணு வாரம் முன்னாடி அந்த மிஷினுக்குள்ள ஒரு ஃபிட்டர் செத்துப்போயிட்டார். அதுக்குக் காரணம் அண்ணன்தான்னு சொல்றாங்க. கேட்டதுக்கு அண்ணனே ஆமான்னு தலையாட்டிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தமே இல்லன்னு நீங்க எழுதித் தரணும் டீச்சரம்மா. நாளைக்கு மத்தியானம் விசாரணை. அண்ணன் அதைச் செஞ்சிருக்கவே முடியாது. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க."

அனுப்பிய அரை மணி நேரத்தில் டீச்சரம்மா கட்டிலருகே வந்து நின்றார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பின்னாலேயே வார்டு உதவியாளர் 'ரேடியோ' மூச்சு வாங்க வந்தார். நாற்பது வயது, நல்ல தொப்பை, ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடியிருந்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர்.

டீச்சரம்மா பள்ளிக்கூட டீச்சர் இல்லை. மூளையில் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களுக்குப் பேசப் பழக்குவது அவர் வேலை. பேச முடியாதவர்களிடமிருந்து உண்மையைக் கேட்டு வாங்கியே இருபது வருடம் ஓட்டியவர். வார்டில் காணாமல் போன பல்செட்டிலிருந்து சாகக் கிடந்தவரிடம் களவாடிய கையெழுத்து வரை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததாக ரேடியோ ஊரெல்லாம் ஒலிபரப்பி வைத்திருந்தார். தம்பிக்கு அவரைத் தெரிந்ததும் அப்படித்தான்.

"எப்படித் தெரியும்னு கேக்கல. கையை மட்டும் காட்டுங்க" என்றார் டீச்சரம்மா.

தம்பி தயங்கி நீட்டினான். விரல் நுனிகள் வெளுத்து, தோல் வெடித்திருந்தன.

"நகம் கடிக்கிற பழக்கம் மேடம்!" என்றார் ரேடியோ.

"அதுவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்.

அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை தலையணை மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. தம்பியைப் பார்த்ததும் வாயைக் கோணி, சிரமப்பட்டு, அவருக்கு மிச்சமிருந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"வேணாம்."

பிறகு இடது கையை நீட்டித் தம்பியின் சட்டைக் கழுத்துப் பட்டனைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார்.

"பாசத்தைப் பாருங்க. இந்தப் புழுக்கத்துலயும் கழுத்து வரைக்கும் பட்டன். யார் உள்ள வந்தாலும் முதல் வேலை இதுதான். எங்க அண்ணன் என் கழுத்துல கை வச்சா அது வேற காரியத்துக்கு மேடம்" என்றார் ரேடியோ.

கஞ்சித் தட்டோடு வந்த நர்ஸ், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம்."

தட்டு திரும்பியது. "சிஸ்டர், அவர் பசிச்சாலும் அதைத்தான் சொல்வார்!" என்று தம்பி எழுந்தே விட்டான்.

"வேணாம்னா வேணாம்தான் தம்பி. எனக்கு இன்னும் பதினாறு கட்டில் இருக்கு."

தம்பி ஓடிப்போய்த் தட்டை வாங்கி வந்தான். அண்ணன் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டீச்சரம்மா அதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு மர நாய், ஒரு மரப் பூனை, அட்டையில் வெட்டிய ஒரு ரொட்டி.

"நான் சொல்றதைச் செஞ்சு காட்டுங்க. நாய் பூனையைத் துரத்துது."

அண்ணன் நாயை எடுத்துப் பூனைக்குப் பின்னால் ஓடவிட்டார்.

"நல்லது. பூனையை நாய் துரத்துது."

அண்ணன் யோசித்தார். பிறகு பூனையை எடுத்து நாய்க்குப் பின்னால் ஓடவிட்டார். இன்னொரு முறை சொன்னபோதும் அதேதான். பத்து முறை மாற்றி மாற்றிச் சொன்னார். எந்தப் பெயர் முதலில் வந்ததோ அதுவே துரத்தியது.

தம்பி நம்பாமல் அண்ணனையே பார்த்தான். சண்டை என்று வந்துவிட்டால் வாய் மூடாமல் வக்கீல் மாதிரிப் பேசுகிற மனிதர் அவர்.

"என்னாச்சு இவருக்கு?" என்று ரேடியோ முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"லாண்டரியையே எடுத்துக்கோங்க. துணி அப்படியே இருக்கு, ஒண்ணும் தொலையல. எது எந்த வார்டுக்குன்னு சீட்டுக் கட்டுற ஆள் மட்டும் இல்ல. அந்த மாதிரி. நாய் தெரியும், பூனை தெரியும், துரத்துறது தெரியும். யார் யாரைங்கிற கணக்குப் போடுற இடம் இடதுபக்க மூளையில அடிபட்டிருக்கு. அதனால முதல்ல வந்தவன்தான் செஞ்சவன்னு ஒரு குத்துமதிப்புல போறார்."

"அப்போ கேஸ் முடிஞ்சுது!" ரேடியோ தொடையில் தட்டினார். "யாரை யார் என்ன செஞ்சாங்கன்னே புரியாதவர் ஆமான்னா என்ன, இல்லன்னா என்ன? எழுதிக் கொடுத்துடுங்க மேடம்!"

தம்பியின் முகத்தில் மூன்று வாரத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"அவசரப்படாதீங்க" என்றார் டீச்சரம்மா. "ரொட்டியைப் பூனை தின்னுச்சு."

அண்ணன் உடனே பூனையை எடுத்து அதன் வாயை ரொட்டியில் வைத்தார். திருப்பிச் சொன்னாலும், சுற்றி வளைத்துச் சொன்னாலும் தவறவே இல்லை. ஒரு தடவை, பூனையைத் தின்ன முடியாத அந்த ரொட்டியைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

டீச்சரம்மா பொம்மைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கினார். "ஆபீஸ்ல இருந்து வந்து அவர்கிட்டக் கேட்ட கேள்வி என்ன? அப்படியே சொல்லுங்க."

"'மிஷின் கொக்கியிலிருந்து உன் டோக்கனை எடுத்தது நீதானே?'ன்னு கேட்டாங்க. அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் ஆமான்னார்."

"ரொட்டி பூனையைத் தின்னாது. டோக்கன் மனுஷனை எடுக்காது. இந்தக் கேள்வியில குழம்பிப்போக ஒண்ணுமே இல்ல தம்பி. என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சேதான் தலையாட்டியிருக்கார்."

தம்பிக்கு வந்த வெளிச்சம் வந்த வழியே போனது. "பொய்யி" என்றான். "அவர் எடுக்கல."

"எடுக்கலன்னுதான் நானும் நினைக்கிறேன். தெரிஞ்சு சொன்ன பொய்யா இருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். வாங்க, மிஷினைப் பாத்துட்டு வருவோம்."

லாண்டரி ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டியிருந்தது. சரக்கு ஏற்றும் கதவு வழியாக நுழைந்தார்கள். அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே தம்பி முன்னால் நடந்தான். ஒரு திருப்பத்தில் தலையைக் குனிந்து கடந்தான். அடுத்த நொடி பின்னாலிருந்து 'ணங்' என்று சத்தம். ஆள் உயரத்தில் ஓடிய நீராவிக் குழாயில் ரேடியோவின் நெற்றி மோதியிருந்தது.

"சொல்லக் கூடாதா தம்பி!"

"சாரிண்ணே." தம்பியின் காது மடல் சிவந்தது. டீச்சரம்மா குழாயைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண் ஒருமுறை தம்பி மேல் பட்டுச் சட்டென்று விலகியது. "விசிட்டரெல்லாம் உள்ள வரக் கூடாதும்மா."

"என்கூட வந்திருக்கார். என்ன நடந்துச்சுன்னு ஒருவாட்டி சொல்லுங்க."

நாலாம் மிஷின் ஓர் அறை அளவு பெரிய டிரம். பக்கத்தில் சுவிட்ச் பெட்டி, அதன் மேல் தலை உயரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. அங்கே ஒரே சட்டம்தான். யாராவது டிரம்முக்குள் இறங்கினால் அந்த மிஷின் ஆபரேட்டர் தன் பித்தளை டோக்கனைக் கழற்றிக் கொக்கியில் மாட்ட வேண்டும். டோக்கன் தொங்கும் வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவன்தான் எடுக்கலாம். அண்ணனுடைய நம்பர் நூற்றுப் பதினேழு.

"விரிப்பு ஒண்ணு அடியில சிக்கிக்கிச்சு. ஃபிட்டர் இறங்கினான். கொக்கியில டோக்கன் தொங்குறதைக் கண்ணால பாக்காம அவன் காலை உள்ள வைக்க மாட்டான். பொண்டாட்டி பேச்சைக்கூட அவ்வளவு சோதிச்சுப் பாப்பான். அவன் நோட்டுல எழுதியிருக்கான் பாருங்க, ஒண்ணு அம்பதுக்கு இறங்கியிருக்கான். ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுச்சு. ரெண்டு பத்துக்கு நான் வந்தேன். கொக்கி காலி. 'உள்ள யாராவது இருக்கீங்களா'ன்னு சத்தம் போட்டேன். கதவுப் பக்கம் இரைச்சல், அவனுக்குக் கேக்கல போல. இவங்க அண்ணன் அதோ, அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தார். வாயைத் திறக்கல. சுவிட்சைப் போட்டுட்டேன்." ஃபோர்மேன் எச்சில் விழுங்கினார். "அதிர்ச்சியில அவருக்கு அங்கேயே பக்கவாதம் வந்துடுச்சு."

டீச்சரம்மா மிஷினின் மறுபக்கம் போனார். ஆபரேட்டர் ஒவ்வொரு லோடு முடிந்ததும் நேரம் எழுதும் கரும்பலகை அழிக்கப்படாமல் இருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்து, ஒன்று ஐந்து என்று எண்கள் கொத்தனார் வைத்த செங்கல் மாதிரி நேராக நின்றன. கடைசியாக ஒன்று நாற்பத்தைந்து. அதில் நான்கு சரிந்து விழுந்திருந்தது. ஐந்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றது.

"ரேடியோ, வலதுகைக்காரன் இடது கையால ஐந்து போட்டா எப்படிப் போடுவான்?"

ரேடியோ காற்றில் போட்டுப் பார்த்தார். அவருடைய ஐந்தும் திரும்பிக்கொண்டது. "அய்யோ. அப்போ ஒண்ணே முக்காலுக்கே..."

"கை போயிருக்கு. சாவைப் பாத்து வந்த வாதம் இல்ல இது. சாவுக்கு முன்னாடியே வந்தது." அவர் ஸ்டூலிலிருந்து கொக்கி வரை நடந்தார். ஆறடி. "நீங்க போய், டோக்கனைக் காட்டி வருகை பதியிற டைம் ஆபீஸ் ஜன்னல்ல பேச்சுக் கொடுத்துட்டு வாங்க. அன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு நூத்திப் பதினேழு பதிவாயிருக்கான்னு பாருங்க."

"நானா? இப்பவே!" என்று ரேடியோ பாய்ந்தார். இந்த முறை குழாய்க்குக் குனிந்தார்.

மறுநாள் காலை, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு டீச்சரம்மா பேசினார். ரேடியோ கைப்பட எழுதி வந்த நேரச் சீட்டின் நகல் அவர் மடியில் இருந்தது. நூற்றுப் பதினேழு, இரண்டு மணி மூன்று நிமிடம்.

"ஒண்ணு அம்பதுக்குக் கொக்கியில தொங்கின டோக்கன், ரெண்டு மூணுக்கு டைம் ஆபீஸ் ஜன்னல்ல இருக்கு. அதுக்கு இறக்கை கிடையாது. யாரோ கொண்டுபோயிருக்கணும். இடது கையால அதை மாட்டிட்டு, அப்புறம் காலும் இழுத்துப்போய் உக்காந்துட்ட மனுஷன் கொண்டுபோக முடியாது. காகிதத்துல நூத்திப் பதினேழுங்கிறது ஒரே ஆள், தினமும் ரெண்டு ஷிஃப்ட் பாக்குற ஆள். நிஜத்துல?" அவர் தம்பியைப் பார்த்தார். "பிளீச் பவுடர்ல வெடிச்ச விரல். தெரியாத இடத்துல பாக்காமலே குனியிற தலை. யார் வந்தாலும் அண்ணன் மூடி மூடி விடுற கழுத்துப் பட்டன். அதைக் கழட்டுங்க தம்பி."

தம்பியின் விரல்களுக்குப் பட்டன் பிடிபடவில்லை. ரேடியோதான் கழற்றிவிட்டார். கறுப்புக் கயிற்றில் பித்தளை டோக்கன் தொங்கியது.

"இங்க வேலை பாக்குறதுக்கான அனுமதிப் பேப்பர் அண்ணனுக்கு மட்டும்தான் கிடைச்சுது" என்றான் தம்பி. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வந்தன. "காலையில அவர், சாயங்காலம் நான். ஒரே டோக்கன். ஃபோர்மேனுக்கும் தெரியும், அவருக்கு ஆள் வேணும். ஷிஃப்ட் முடிஞ்சா அண்ணன் அதை அந்தக் கொக்கியிலதான் மாட்டி வைப்பார். நான் சரக்குக் கதவு வழியா வந்து எடுத்துட்டு ஜன்னலுக்குப் போவேன். எட்டு மாசமா அப்படித்தான். அதனாலதான் அண்ணன் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அது என் கழுத்துலல்ல இருந்துச்சு! ஆபீஸ்காரங்க கதை கட்டுறாங்கன்னு நினைச்சேன். நான் போனதுக்கு அப்புறம்தான் ஃபிட்டர் இறங்கினார்னு நினைச்..."

அவன் நிறுத்தினான். ஒன்று ஐம்பது. இரண்டு மூன்று. மூன்று வாரமாக அவன் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் தள்ளியே வைத்திருந்த இரண்டு எண்கள்.

"அவர் அன்னிக்கு மாட்டினது எனக்கில்ல" என்றான்.

ரேடியோ பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நான் எடுத்தப்போ அண்ணன் ஸ்டூல்ல இருந்தார். என்னையே பாத்தார். வாய் அசைஞ்சுது. எதையோ மெல்றார்னு நினைச்சேன். 'என்னண்ணே, உக்காந்துட்டே தூங்குறியா'ன்னு கிண்டல் பண்ணிட்டுப் போனேன்."

கட்டிலில் இருந்து இடது கை நீண்டு வந்தது. டோக்கனைச் சட்டைக்குள் தள்ளியது. பட்டனைத் தேடியது.

"வேணாம்" என்றார் அண்ணன்.

அன்று இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய வார்த்தை. வழியெல்லாம் அடைபட்டு, மூன்று வாரம் தாமதமாக, கஞ்சிக்கும் மருந்துக்கும் பொதுவாக வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் விசாரணை அறையில் மின்விசிறி மட்டும் நன்றாக வேலை செய்தது. சேஃப்டி ஆபீசர் கொடூரமானவர் இல்லை; தம்பிக்கு நாற்காலி போடச் சொன்னார். டீச்சரம்மா கரும்பலகையின் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஒரு மூலையில் ஃபிட்டரின் மனைவி மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே முக்காலுக்கே வாதம்னா ரெண்டு மூணுக்கு இவர் எப்படி நடந்து போய்ப் பதிஞ்சார்?" என்று கேட்டார் ஆபீசர்.

தம்பி எழுந்தான். முழங்கால் மேசையில் இடித்தது. "அவர் பதியல சார். நான் பதிஞ்சேன். டோக்கனை எடுத்தது நான்." கழற்றி மேசை மேல் வைத்தான்.

ஆபீசர் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க பேர்ல இங்க ஆளே இல்லயே."

"ஃபோர்மேனைக் கேளுங்க சார்."

ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு வந்துபோற பையன் சார். இங்க வேலை பாத்து நான் பாத்ததில்ல."

"டோக்கன் எங்கிட்டதானே இருந்துச்சு சார்!"

"உங்க அண்ணன் சட்டை, செருப்பு, கடிகாரம் எல்லாத்தையும் ஆஸ்பத்திரியில உங்ககிட்டதானே கொடுத்தாங்க தம்பி? டோக்கன் மட்டும் எங்கே போகும்?" ஆபீசர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "கூடப் பிறந்தவன், பாசத்துல சொல்றீங்க. புரியுது. இன்னொருவாட்டி சொல்லாதீங்க, எழுத வேண்டியதாயிடும்."

டீச்சரம்மா எழுந்து, அந்தத் தலையாட்டலை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்றார்.

"நேத்து உங்க சோதனையில இந்த மாதிரிக் கேள்வி அவருக்குப் புரிஞ்சுதா, இல்லயா மேடம்? ஆமா, இல்லன்னு சொல்லுங்க."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியும் என்றுதான் ரேடியோ அந்த நிமிடம் நம்ப விரும்பினார்.

"புரிஞ்சுது" என்றார். "புரிஞ்சுதான் பொய் சொன்னார்னு ஏழு பக்கம் எழுதியிருக்கேன். படிங்க."

"ஃபைல்ல வைக்கிறோம்" என்றார் ஆபீசர்.

குற்றம் அண்ணன் மேல்தான் என்று முடிவாகி, அவரை வேறு ஊரில் இருக்கும் சிறை ஆஸ்பத்திரிக்கு மாற்ற உத்தரவானது. பார்க்க வருகிறவர்கள் சொந்தப் பேப்பரைக் காட்ட வேண்டும்; தம்பியிடம் அது இல்லை. பேச்சுப் பயிற்சி அங்கே கிடையாது.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ரேடியோ ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அன்று அவர் ஒலிபரப்பு எதுவும் இல்லை. தம்பி சுவரோரம் நின்று போனை வாயருகே வைத்துப் பேசினான். பேசியது எழுத்தாக ஓடியது. டீச்சரம்மா அதை அச்செடுத்து வந்து, நாலாக மடித்து அண்ணனின் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்தினார். அண்ணன் இடது கையைத் தூக்கித் தம்பியின் கழுத்தைத் தொட்டார். அங்கே மூடுவதற்கு இப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டனை மாட்டிவிட்டார்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

"இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி. இவர் எங்க அண்ணன். இவருக்கு எல்லாம் தெரியும், எல்லாம் ஞாபகம் இருக்கு. பெரிய வாக்கியமாப் பேசாதீங்க, சின்னச் சின்னதா, ஒவ்வொண்ணாக் கேளுங்க. கேட்டுட்டுக் கொஞ்சம் காத்திருங்க. வலது பக்கம் படுக்க வைக்காதீங்க. இவர் வேணாம்னு சொன்னா சாப்பாட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடாதீங்க. அது சாப்பாட்டுக்குச் சொல்றது இல்ல. தட்டை இடது கைப் பக்கமா வச்சுட்டு, ஒரு அஞ்சு நிமிஷம் அங்கேயே நில்லுங்க. தயவுசெஞ்சு."